தோட்ட வாசலில் நின்றுவிடும் தொழிற்பயிற்சி நிதி

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை முடிவுகள் வெளியாகும் வேளைகளில் சித்தியடைந்தவர்களைப் பற்றியே நாடு பேசுகிறது. பத்திரிகையாளர்களாகிய நாமும் ஒன்பது பாடங்களிலும் அதிவிசேட சித்தி பெற்ற பிள்ளைகளின் படங்களைப் பிரசுரித்து மகிழ்கிறோம். அது தவறல்ல. ஆயினும் அதே பரீட்சையில் சித்தியெய்தாதவர்களும், பரீட்சை மண்டபம் வரையிலேனும் வந்து சேராதவர்களும் அடுத்த மாதம் எங்கே போகிறார்கள் என்ற கேள்வியை நாம் போதியளவு எழுப்பியதில்லை என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்களைப் பொறுத்தவரை அக்கேள்விக்கான விடை பலரும் அறிந்ததே. புறக்கோட்டையில் ஒரு கடை, அவிசாவளையிலோ கொழும்பிலோ ஒரு சாப்பாட்டுக் கடை, கட்டட வேலைத்தளத்தில் மேசனுக்குக் கையுதவி, பெண் பிள்ளையாயின் ஓர் ஆடைத் தொழிற்சாலை அல்லது வசதி படைத்தோர் வீட்டுச் சமையலறை. இவற்றுள் எந்த வேலையும் இழிவானதன்று. ஆனால் பயிற்சியும் சான்றிதழும் இன்றி இவ்வேலைகளுக்குச் செல்பவர் பத்து ஆண்டுகள் கழித்தும் அதே கூலியில், அதே படியிலேயே நின்றுவிடுகிறார். தோட்டத்தைவிட்டு வெளியேறியும் தோட்ட வாழ்வின் வறுமை அவரைவிட்டு வெளியேறுவதில்லை.

இந்த இளைஞர்களுக்கென அரசாங்கத்திடம் எதுவுமே இல்லையா என்றால், இருக்கிறது. பாடசாலைக் கல்வியை இடைநிறுத்தியவர்களுக்காகவே ஒரு முழுக் கட்டமைப்பு இந்நாட்டில் உண்டு. அதற்குப் பொதுமக்களின் வரிப் பணமும் வெளிநாட்டுக் கடனும் பெருமளவில் செலவிடப்பட்டுள்ளன. அந்த நிதி எவ்வழியே வருகிறது, சப்ரகமுவத் தோட்டங்களை நெருங்கும்போது அது ஏன் மெலிந்துவிடுகிறது, அதனைச் சீர்செய்ய என்ன வழி என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிதி வரும் வழி

1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்விச் சட்டமே இன்றைய அமைப்பின் அடித்தளம் எனலாம். அதன்கீழ் அமைந்த மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு கொள்கையை வகுக்கிறது. பயிற்சி நிலையங்களைப் பதிவு செய்து தரத்தைக் கண்காணிக்கிறது. பயிற்சியை நடத்துபவை வேறு நிறுவனங்கள். 1995ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தினால் உருவான தொழிற்பயிற்சி அதிகார சபை, தொழில்நுட்பக் கல்லூரிகளை நடத்தும் தொழில்நுட்பக் கல்வி மற்றும் பயிற்சித் திணைக்களம், வேலைத்தளங்களிலேயே பயிலுனர்களை இணைத்துப் பயிற்றுவிக்கும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை, தேசிய இளைஞர் சேவைகள் மன்றம் என்பன அவற்றுள் முக்கியமானவை.

இந்நிறுவனங்கள் வழங்கும் சான்றிதழ்களை ஒரே ஏணியில் அடுக்கியதே 2004இல் ஆரம்பிக்கப்பட்ட தேசிய தொழிற்தகைமை முறையாகும். ‘என்.வி.கியூ.’ என்று பேச்சுவழக்கில் அறியப்படும் இவ்வேணிக்கு ஏழு படிகள் உண்டு. முதல் நான்கும் சான்றிதழ் படிகள். நான்காம் படியை எட்டியவர் பிறர் மேற்பார்வையின்றித் தொழில் செய்யத்தக்க முழுத் தேர்ச்சியாளராகக் கருதப்படுகிறார். ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டம். இரத்மலானையில் 2008ஆம் ஆண்டின் சட்டத்தின் மூலம் நிறுவப்பட்ட தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் இந்த ஏழாம் படிக்கு உரியது. சாதாரண தரத்தில் கணிதம் தவறிய ஒரு பிள்ளையும் குழாய் பொருத்துநராகவோ மின்னிணைப்பாளராகவோ தொடங்கி, படிப்படியாகப் பட்டம் வரை செல்ல முடியும் என்பதே இம்முறையின் சிறப்பு. இதனைத் தோட்டத்துப் பெற்றோரில் எத்தனை பேர் அறிவார்கள்?

நிதியின் அளவும் சிறிதல்ல. 2014ஆம் ஆண்டில் திறன்கள் துறை அபிவிருத்தி நிகழ்ச்சித்திட்டம் ஆரம்பிக்கப்பட்டபோது, உலக வங்கி 101.5 மில்லியன் டொலரையும் ஆசிய அபிவிருத்தி வங்கி 100 மில்லியன் டொலரையும் கடனாக வழங்க முன்வந்தன. 2018இல் ஆசிய அபிவிருத்தி வங்கி மேலும் 100 மில்லியன் டொலரை அனுமதித்தது. இவை நன்கொடைகள் அல்ல, கடன்கள் என்பதை வாசகர்கள் மனங்கொள்ள வேண்டும். அவற்றைத் திருப்பிச் செலுத்துவது நாட்டு மக்கள் அனைவரும். 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 வீதமாகியுள்ள நாட்டில், சவர்க்காரம் வாங்கும் தெரணியகலைத் தோட்டத் தாயும் அக்கடனின் ஒரு பங்கைச் செலுத்தியே வருகிறாள். தான் செலுத்துகின்ற ஒன்றின் பயனில் அவளது பிள்ளைக்கும் பங்கு கேட்பது சலுகை கோருவதாகாது.

சப்ரகமுவவின் தனிநிலை

மலையகம் என்றதும் நுவரெலியாவும் ஹட்டனும் பதுளையுமே எவர் மனதிலும் தோன்றுகின்றன. அங்கு தமிழ் மக்கள் செறிந்து வாழ்கிறார்கள். அவர்களது வாக்குகளுக்குப் பெறுமதி உண்டு. ஆகவே திட்டங்களும் அங்கேயே முதலில் செல்கின்றன. ஹட்டனில் தொண்டமான் பெயரிலான தொழிற்பயிற்சி நிலையம் அமைந்ததும், பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி எழுந்ததும் வரவேற்கத்தக்கவையே. ஆயினும் இறக்குவானைத் தோட்டமொன்றின் பிள்ளைக்கு ஹட்டன் என்பது வேறொரு நாடு போன்றதே.

சப்ரகமுவவில் தோட்ட மக்கள் சிதறி வாழ்கிறார்கள். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இந்திய வம்சாவளித் தமிழராகப் பதிவானோர் இரு மாவட்டங்களிலும் 5 வீதத்தை ஒட்டியே காணப்பட்டனர். தம்மை இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொண்ட தோட்டத்தவர்கள் இக்கணக்கில் அடங்கார். எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, தெரணியகலை, புளத்கொஹுப்பிட்டிய, பலாங்கொடை, காவத்தை, இறக்குவானை, நிவித்திகல என்று இறப்பரும் தேயிலையும் மாறி மாறி வரும் மலைச் சரிவுகளில், சிங்களக் கிராமங்களுக்கிடையே சிறு சிறு தீவுகளாக இம்மக்கள் இருக்கிறார்கள். ஒரு பிரதேச செயலாளர் பிரிவில் ஒரு நிலையம் என்று திட்டமிடும் அதிகாரிக்கு இந்தத் தீவுகள் வரைபடத்தில் தெரிவதில்லை.

இது தோட்டத் தமிழரின் பிரச்சினை மாத்திரமன்று. கேகாலை மாவட்டத்தின் சனத்தொகையில் சுமார் 7 வீதத்தினர் முஸ்லிம்கள். மாவனல்லையில் அவர்கள் செறிந்து வாழ்ந்தாலும் வரக்காப்பொல போன்ற இடங்களிலும், இரத்தினபுரி மாவட்டத்தின் பலாங்கொடை, இறக்குவானை போன்ற நகரங்களிலும் சிறு தொகையினராகவே இருக்கிறார்கள். தமிழ் மொழி மூலம் கற்று வெளியேறும் முஸ்லிம் இளைஞனும் பயிற்சி நிலையத்தின் வாசலில் எதிர்கொள்வது தோட்டத்து இளைஞன் எதிர்கொள்ளும் அதே மொழித் தடையையே. எனவே இதனைத் தமிழ் பேசும் மக்கள் அனைவரினதும் பொதுக் கோரிக்கையாகவே நாம் காண்கிறோம்.

வறுமையின் அளவையும் நோக்குவோம். 2019ஆம் ஆண்டின் வீட்டு வருமான, செலவின ஆய்வின்படி நாட்டில் வறுமைக் கோட்டுக்குக் கீழ் வாழ்ந்தோர் 14.3 வீதம், தோட்டத் துறையில் மாத்திரம் அது 33.8 வீதம். இது 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்கு முந்திய கணக்கு. மறுபுறத்தில், 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டபோது மூன்று இலட்சத்துக்கும் அதிகமாயிருந்த தொழிலாளர் தொகை இன்று அதன் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. தோட்டம் தன் பிள்ளைகளுக்கு வேலை தரும் இடமாக இனி நீடிக்கப்போவதில்லை என்பதையே இது காட்டுகிறது.

மூன்று தடைகள்

முதலாவது தடை தூரம். கேகாலை மாவட்டத்தின் தோட்டங்களில் பெரும்பாலானவை மாவட்டத்தின் தென்பகுதியில், களனி கங்கைப் பள்ளத்தாக்கில் உள்ளன. மாவட்டத் தலைநகரோ கண்டி வீதியில், மறுகோடியில் இருக்கிறது. எட்டியாந்தோட்டைக்காரருக்குக் கேகாலையைவிட, கொழும்பு மாவட்டத்தைச் சேர்ந்த அவிசாவளையே அண்மையானது. பலாங்கொடையிலிருந்து இரத்தினபுரி 40 கிலோமீற்றருக்கும் அதிகம். அவிசாவளையிலிருந்து இரத்தினபுரி வழியாக ஓப்பநாயக்க வரை ஓடிய ரயிலும் 1976இல் நிறுத்தப்பட்டுவிட்டது. தோட்டத்து லயத்திலிருந்து பிரதான வீதிக்கு இறங்க ஒரு மணித்தியாலம், பின்னர் இரண்டு பஸ் என்றால், காலை எட்டு மணி வகுப்புக்குப் பிள்ளை விடியுமுன்னரே புறப்பட வேண்டும். பெண் பிள்ளையை அவ்வாறு அனுப்பப் பெற்றோர் தயங்குவதை நாம் குறை கூற முடியாது.

இரண்டாவது தடை மொழி. எவரும் தேசிய மொழிகளுள் ஒன்றின் மூலம் கல்வி கற்க உரித்துடையவர் என்று அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரை கூறுகிறது. தொழிற்பயிற்சியும் கல்வியே. ஆனால் நடைமுறையில், நிலையம் இருக்கும், இயந்திரம் இருக்கும், தமிழில் கற்பிக்கும் போதனாசிரியர் இருக்கமாட்டார். சப்ரகமுவத் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் சிங்களம் நன்றாகவே பேசுவார்கள். பேசுவது வேறு, மின்சுற்று வரைபடத்தின் குறிப்பை வாசித்து எழுத்துப் பரீட்சைக்கு விடையளிப்பது வேறு. முதல் மாதத்தில் வகுப்பில் மௌனமாக அமர்ந்திருந்து, இரண்டாம் மாதத்தில் வராமலே நின்றுவிடும் பிள்ளையை ‘இடைவிலகியவர்’ என்று பதிவேடு குறிக்கிறது. உண்மையில் விலகியது பிள்ளையா, நிலையமா என்பதை எவரும் கேட்பதில்லை.

மூன்றாவது தடை இழக்கப்படும் கூலி. கற்கைநெறி இலவசமாயினும் பயிற்சி இலவசமாகாது. பஸ் கட்டணம், மதிய உணவு, சப்பாத்து, கருவிகள் ஆகியவற்றுடன், ஆறு மாதமோ ஓராண்டோ அப்பிள்ளை உழைத்திருக்கக்கூடிய பணமும் செலவுக் கணக்கில் சேர்கிறது. சில கற்கைநெறிகளுக்கும் பயிலுனர்களுக்கும் சிறிய மாதாந்தப் படி வழங்கப்படுகிறது. நகருக்கு அண்மையில் வசிப்பவருக்கு அது கைச்செலவு. தோட்டத்திலிருந்து வருபவருக்கு அது பஸ்ஸுக்கே போதாது. கொழும்புக் கடையோ முதல் மாதமே சம்பளமும் தங்க இடமும் தருகிறது. இந்தக் கணக்கில் பிள்ளை கடையைத் தெரிவு செய்வது அறியாமையினால் அல்ல.

பணம் எதனைப் பின்தொடர்கிறது?

இம்மூன்று தடைகளுக்கும் பின்னால் ஒரு பொதுக் காரணம் இருக்கிறது. தொழிற்பயிற்சிக்கான அரச நிதி நிறுவனத்தைப் பின்தொடர்கிறது, பயிலுபவரைப் பின்தொடர்வதில்லை. ஒதுக்கீட்டின் பெரும் பகுதி கட்டடத்துக்கும், உபகரணத்துக்கும், ஊழியர் சம்பளத்துக்கும் செல்கிறது. ஆண்டிறுதியில் எத்தனை சான்றிதழ்கள் வழங்கப்பட்டன என்று எண்ணப்படுகிறது. அச்சான்றிதழ்கள் நகரத்துப் பிள்ளைகளுக்கே கிடைத்திருந்தாலும் மாவட்டத்தின் இலக்கு நிறைவேறியதாகவே கணக்கு முடிகிறது. குடிசன மதிப்பீட்டுத் திணைக்களம் வறுமையை நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரித்துக் காட்டுகிறது. பயிற்சிக்கும் அவ்வாறே கணக்கு வைத்தாலன்றி இந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியாது.

திறன்கள் துறை நிகழ்ச்சித்திட்டத்தின்போது தொழில்துறையினரின் பங்களிப்புக்காக நான்கு துறைகளில் திறன் பேரவைகள் அமைக்கப்பட்டன. கட்டட நிர்மாணம், சுற்றுலா, உற்பத்தி, தகவல் தொழில்நுட்பம் என்பவையே அவை. நாட்டுக்கு நூற்றைம்பது ஆண்டுகளாக அந்நியச் செலாவணி ஈட்டிய பெருந்தோட்டத் துறைக்கு அந்நான்கில் இடமிருக்கவில்லை.

தோட்ட மக்கள் பொது நிதிக்கு வெளியே நிற்பது புதியதன்று. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. அக்குறை முற்றாகத் தீர 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளில் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக விளங்கியது. வாக்களித்த சபையிடம் ஒரு பாதையைக்கூடக் கேட்க முடியாத அந்நிலை 2018இல்தான் சட்டத் திருத்தத்தின் மூலம் மாறியது. அதே ஆண்டில் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபையும் சட்டத்தின் மூலம் உருவாக்கப்பட்டது. தொழிற்பயிற்சியைப் பொறுத்தவரை எழுத்தில் எத்தடையும் இல்லை. எழுத்தில் இல்லாத தடை என்பதாலேயே அதனை நீக்குவதும் கடினமாக இருக்கிறது.

மலேசியா கற்பித்த பாடம்

இவ்விடத்தில் மலேசியத் தமிழரின் அனுபவத்தை நினைவூட்ட விரும்புகிறோம். நம்மவர்களைப் போன்றே இறப்பர் தோட்டங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்ட அம்மக்கள், தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், இறப்பர் அழிக்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டபோதும், பின்னர் தோட்ட நிலங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் விற்கப்பட்டபோதும் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்தார்கள். கையில் தொழில் இல்லாமல் நகர்ப்புறப் புறம்போக்குக் குடியிருப்புகளில் குடியேறினார்கள். அதன் சமூக விளைவுகள் அடுத்த தலைமுறையையும் தொடர்ந்தன. 2017இல் அந்நாட்டு அரசாங்கம் இந்தியர்களுக்கென ஒரு தனி அபிவிருத்தித் திட்ட வரைவை வெளியிட நேர்ந்தது. தோட்டம் மூடப்படுவதற்கு முன் செலவிட்டிருக்க வேண்டிய பணத்தை, மூடப்பட்ட பல தசாப்தங்களின் பின் செலவிடும் நிலை அது.

கேகாலையின் இறப்பர் தோட்டங்கள் இன்று நிற்பதும் அத்தகையதொரு சந்தியிலேதான். மரங்கள் முதிர்ந்துவிட்டன; மழைக்காலங்களில் பால்வெட்டு நாட்கள் குறைந்து ‘பேர்’ கிடைப்பதில்லை; இளையவர்கள் வெட்டுக்கத்தியைத் தொட விரும்புவதில்லை. காலம் இன்னும் கைநழுவிவிடவில்லை என்பதே நமக்குள்ள ஒரே ஆறுதல்.

செய்யக்கூடியவை

பெரிய கட்டடங்களை நாம் கேட்கவில்லை. இருக்கின்ற நிதியின் திசையைச் சற்றுத் திருப்பினாலே பலவற்றைச் செய்யலாம்.

முதலில், தோட்டப் பயிலுனருக்கு வரவின் அடிப்படையில் போக்குவரத்து, உணவுப் படி வழங்கப்பட வேண்டும். 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில், தோட்டத் தொழிலாளரின் வரவுக் கொடுப்பனவாக நாளொன்றுக்கு 200 ரூபாவை அரசாங்கமே வழங்க முன்மொழியப்பட்டது. தேயிலைச் செடிக்கு வருவதற்கு அரசு படி வழங்கலாமெனில், அத்தொழிலாளியின் பிள்ளை பயிற்சிக்கு வருவதற்கு வழங்குவது எவ்வகையில் பொருந்தாததாகும்? இதற்கான நிதிக்கு ஏற்றுமதித் தேயிலை மீது அறவிடப்படும் செஸ் வரியின் ஒரு சிறு பங்கையேனும் ஒதுக்குவது குறித்து ஆராயலாம்.

இரண்டாவதாக, பிள்ளை நிலையத்துக்கு வர இயலாத இடத்தில் நிலையம் பிள்ளையிடம் வரட்டும். தோட்டப் பாடசாலைகளின் கட்டடங்கள் பிற்பகலிலும் வார இறுதியிலும் வெறுமையாகவே கிடக்கின்றன. பகுதிநேரப் போதனாசிரியர் ஒருவரும் நடமாடும் பட்டறை ஒன்றும் இருந்தால் மின்னிணைப்பு, குழாய் பொருத்துதல், மோட்டார் சைக்கிள் திருத்தல் போன்றவற்றை அங்கேயே ஆரம்பிக்கலாம். 2017இல் தொடங்கிய பதின்மூன்று வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தின் தொழிற்பிரிவு, சாதாரண தரத்தில் சித்தியடையாதவர்களுக்கும் இடமளிக்கிறது. மாகாணத்தின் தமிழ் மொழிப் பாடசாலைகளில் அப்பிரிவை விரிவாக்குவது அவசர தேவையாகும். பெண் பிள்ளைகளுக்குத் தையலையும் மணப்பெண் அலங்காரத்தையும் மாத்திரம் ஒதுக்கிவிடாது, நோயாளர் பராமரிப்பு, கணினி, மாணிக்கக்கல் பட்டை தீட்டுதல் போன்றவற்றையும் கொண்டுசெல்ல வேண்டும். மாணிக்கபுரியாம் இரத்தினபுரியில் அத்தொழில் தோட்டப் பிள்ளைகளுக்கு எட்டாக்கனியாக இருப்பது முரண்பாடே.

மூன்றாவதாக, வீடமைப்பைப் பயிற்சிக் கூடமாக்க வேண்டும். 2016 மே மாதத்தில் அரநாயக்கவிலும் புளத்கொஹுப்பிட்டியவிலும், 2025 நவம்பரில் டித்வா சூறாவளியின்போது மத்திய மலைநாடெங்கிலும் மண்சரிவு எத்தனை உயிர்களைக் காவுகொண்டது என்பதை நாடறியும். லயங்களுக்குப் பதிலாகப் பாதுகாப்பான வீடுகள் கட்டப்படவே வேண்டும். 2017இல் இந்தியா அறிவித்த 10,000 வீடுகள் உள்ளிட்ட திட்டங்களும் உள்ளன. 2023 ஜூலையில் மலையகத் தமிழருக்கென இந்தியா அறிவித்த 75 கோடி இந்திய ரூபா உதவியும் உண்டு. ஒவ்வொரு வீடமைப்பு ஒப்பந்தத்திலும், அத்தோட்டத்து இளைஞர்களில் குறிப்பிட்ட தொகையினரைப் பயிலுனராகச் சேர்த்து, வேலை முடிவில் மேசன், தச்சர், மின்னிணைப்பாளர் சான்றிதழுக்குத் தோற்றச் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்க்கலாம். வீடும் எழும், தொழிலும் கைவரும்.

நான்காவதாக, ஏற்கெனவே தொழில் அறிந்தவர்களை மறந்துவிடக்கூடாது. கொழும்பில் பத்து ஆண்டுகள் கையுதவியாக நின்று மேசன் வேலையை முழுமையாகக் கற்றவர்கள் நம் தோட்டங்களில் ஏராளம். அவர்கள் மீண்டும் வகுப்பில் அமர வேண்டியதில்லை. முன்கற்றலை அங்கீகரிக்கும் ஏற்பாட்டின்கீழ், செய்துகாட்டும் திறமையை மதிப்பிட்டு என்.வி.கியூ. சான்றிதழ் வழங்கும் முறை நடைமுறையில் உள்ளது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊர் திரும்பும் நாட்களில் எட்டியாந்தோட்டையிலும் பலாங்கொடையிலும் இதற்கான பதிவு முகாம்களை நடத்தினால், ஒரே வாரத்தில் பலருக்கு வழி பிறக்கும். வெளிநாட்டு வேலைக்கு முயல்வோருக்கு அச்சான்றிதழின் பெறுமதியைச் சொல்ல வேண்டியதில்லை.

ஐந்தாவதாக, கணக்கு. ஒவ்வோர் ஆண்டும் எத்தனை தோட்டப் பிள்ளைகள் சேர்ந்தார்கள், எத்தனை பேர் தமிழில் கற்றார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், ஆறு மாதத்தின் பின் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்ற நான்கு எண்களை ஒவ்வொரு மாவட்டமும் பகிரங்கப்படுத்த வேண்டும். 2024 நவம்பரில் கல்வி, உயர்கல்வி, தொழிற்கல்வி ஆகிய மூன்றும் ஒரே அமைச்சின்கீழ் கொண்டுவரப்பட்டன. எனவே, இது எமது பொறுப்பல்ல என்று ஓர் அமைச்சு மற்றொன்றைக் கைகாட்டுவதற்கும் இனி இடமில்லை.

அரசாங்கத்தை மாத்திரம் குற்றஞ்சாட்டி நாம் ஒதுங்கிவிட முடியாது. தோட்டத்து ஆலய பரிபாலன சபைகளும், நகரத்துப் பள்ளிவாசல் நிர்வாகங்களும், தொழிற்சங்கக் கிளைகளும், பழைய மாணவர் சங்கங்களும் விண்ணப்பம் கோரப்படும் காலத்தை அறிவிக்கவும், படிவத்தை நிரப்ப உதவவும் முன்வர வேண்டும். மாவனல்லையில் ஒரு தமிழ் மொழி மூல வகுப்புக்குப் போதிய எண்ணிக்கை இல்லையென்று மறுக்கப்படும்போது, முஸ்லிம் பிள்ளைகளும் தோட்டத் தமிழ்ப் பிள்ளைகளும் ஒரே பட்டியலில் பெயர் கொடுத்தால் அந்த எண்ணிக்கை தானாகவே நிரம்பும். பிரிந்து நின்றால் இருவருக்கும் வகுப்பில்லை.

இருநூறு ஆண்டுகளுக்கு முன் இம்மலைகளுக்கு வந்தவர்களிடம் கேட்கப்பட்டது இரண்டு கைகளை மாத்திரமே. அந்தக் கைகளுக்கு ஒரு தொழிலைக் கற்பித்துக் கொடுக்கும் கடமை இன்று நாட்டுக்கு இருக்கிறது. அடுத்த சாதாரண தரப் பரீட்சை முடிவுகள் வெளியாகும் நாளில், சித்தி பெறாத ஒரு தோட்டத்துப் பிள்ளை கொழும்பு பஸ்ஸில் ஏறுவதற்கு முன் பயிற்சி நிலையத்தின் கதவையும் ஒருமுறை தட்டிப் பார்க்கட்டும். தட்டும்போது அதனைத் திறந்து, தமிழில் ‘வா’ என்று அழைப்பதற்கு உள்ளே ஒருவர் இருக்க வேண்டும். அவரை நியமிப்பதற்கான நிதியையே நாம் கேட்கிறோம்.